பறவை ஏடு எழுதிய பெரியார் சாலிம் அலி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மண்ணில் பிறப்போர் கோடி. மறைந்த பின்னும் நினைக்கப்படுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் சாலிம் அலி அவர்கள். விலங்கியல் மாணவன் என்பதற்காக மட்டும் நான் அவரைப் பற்றி எழுத முன்வரவில்லை. அவருக்கு நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

இளமைப் பருவம்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் அவர் துணைவியாரும் பிள்ளைகளை அன்புடன் வளர்த்தனர்.

சிறுவனாக இருந்தபோது அவர் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதனால் ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். பார்ப்பதற்குச் சிட்டுக்குருவி போலவே இருந்த அதன் தொண்டையில் மட்டும் மஞ்சள் நிறம்! அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அந்த அலமாரிகளோடு அவர் வாழ்க்கையின் கதவும் திறந்தது எனலாம்.

சிறு வயதிலேயே கண்டதைக் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கூட்டருகே காவலிருந்த ஆண் சிட்டைச் சுட்டதும், பெண் சிட்டு வேறோர் ஆணைத் துணையாகக் கொண்டது. ஏழு நாட்களில் இவ்வாறு எட்டு ஆண் சிட்டுகளைச் சுட்டதாகச் சிறுவன் எழுதி வைத்தான். இன்று நமக்கு இது கொடுமையாகப்படலாம். ஆனால் கூட்டவும் குறைக்கவும் செய்யாமல் எழுதிய அந்தக் குறிப்பு பல்லாண்டுகள் கழித்துப் பறவை ஆர்வலர்களின் இதழொன்றில் அச்சேறியது!

பட்டம் இல்லாத அறிஞர்

1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் தட்டுத் தடுமாறித் தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தும் படிப்பு நிலைக்கவில்லை. பர்மாவிலுள்ள டவாய்க்குச் சென்று குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். தொழில் நொடித்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் வேலைக்கு முயன்றபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லையென்ற காரணத்தால் அது கைநழுவியது.

இந்த இடத்தைப் படிக்கும்போது என் நெஞ்சு துணுக்குற்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் என்னும் அந்த ஒரு தாளுக்காகத்தான் என் தந்தை அகரத்திலிருந்து நாள்தோறும் என்னைப் பேருந்து ஏற்றி அனுப்புகிறார். பட்டமே வேண்டாமென்று சொல்ல சாலிம் அலியைச் சான்று காட்டுவோர் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அவருக்குக் கை கொடுக்க வசதியான உற்றார் இருந்தனர். நம்மில் பலருக்கு இல்லை. மேலும் அவர் கல்வியை வெறுத்தவரும் அல்லர். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்க விரிவுரையாளராகச் சேர்ந்தவர், தம் அறிவு போதாதென்று உணர்ந்து, முப்பது வயதைக் கடந்த பின் ஜெர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மன்னிடம் மாணவராக அமர்ந்தார்.

1930இல் தாயகம் திரும்பினார். என்ன கொடுமை! பணமில்லையென்று அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். வேலையில்லாத அந்த நாட்களில், வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள் தவறாமல் கவனித்து எழுதினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே கட்டி முடிக்கும். பிறகு வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். இவ்வுண்மையை அவர் 1931இல் வெளியிட்டபோது பறவையியல் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர்க் கிணற்றுமேட்டிலும் இதே கூடுகள் தொங்குகின்றன. நாம் யாரேனும் எண்ணிப் பார்த்தோமா?

ஊர் ஊராக ஓர் ஏடு

பின்னர் அவர் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுத்தார். செலவை மட்டும் கொடுங்கள், ஊதியம் வேண்டாம் என்பதே அவர் கேட்டுக்கொண்டது. 1931இல் ஐதராபாத், 1933இல் திருவிதாங்கூர், கொச்சி எனப் பயணம் தொடர்ந்தது. முகாம்களில் உடன் தங்கித் துணை நின்ற தெஹ்மினா 1939இல் மறைந்தார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. 1948இல் மேகமலையில் கிடைத்த அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு 1972இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவி ஆகியவை அவரைத் தேடி வந்தன. 1987 ஜூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

திருவிதாங்கூர்ப் பயணம் முடிந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2009இல் ஆய்வாளர்கள் அவர் தங்கிய இடங்களுக்கே மீண்டும் சென்று கணக்கெடுத்தனர். அன்றிருந்த பறவை இன்று உண்டா என ஒப்பிட அவர் குறிப்பே அளவுகோல். அதில் காணாத பறவை ஒன்றைக் கண்டதாக எழுதியிருந்தால் என்னவாகும்? எண்ணிப் பாருங்கள்!

என் கடன்

முதலாண்டில் நானும் ஒரு நோட்டு வாங்கி, ஓராண்டில் அகரத்தில் காணும் பறவைகளை நாளும் இடமும் குறித்து எழுதினேன். குளத்தங்கரையில் ஆள்காட்டி, பனையில் பனங்காடை, வேலியில் செம்போத்து, புல்தரையில் கொண்டலாத்தி என்று டிசம்பர் இறுதியில் ஐம்பத்தொன்பது சேர்ந்தன. அறுபது ஆக்க ஆசை. தோப்பில் பொன்னுத்தொட்டானைக் கண்டதாகச் சித்தப்பா மகன் சொன்னான். இரண்டு நாள் விடியலில் போய் நின்றேன், காணவில்லை. ஆயினும் எழுதிவிட்டேன். வகுப்பில் பேராசிரியர் நோட்டை உயர்த்திக் காட்டிப் பாராட்டினார், மாணவர்கள் கைதட்டினர்.

அதன் பின்னரே சாலிம் அலியின் வரலாற்றைப் படித்தேன். பேராசிரியரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. கிழித்துவிடாமல், கோடிட்டு அடித்து, காணாமல் எழுதியது என்று தேதியுடன் பக்கத்தில் குறிக்கச் சொன்னார். அந்தக் கோடு இன்றும் நோட்டில் இருக்கிறது.

இதை எழுதி என்ன கிடைக்கும் என்று என் தந்தை கேட்டார். ஓராண்டுப் பட்டியலால் பெரிதாக ஒன்றும் கிடைக்காதுதான். பத்தாண்டு எழுதினால் எந்தப் பறவை நம் குளத்துக்கு வருவதை நிறுத்தியது என்று தெரியும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் வயலிலிருந்து வந்தவர், வரப்பில் ஒரு நீளமூக்குப் பறவையைக் கண்டதாகவும், போய்ப் பார்த்துவிட்டு எழுதும்படியும் சொன்னார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதிய சாலிம் அலியின் ஏடு இன்றும் உதவுகிறது. மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு குளமோ தோப்போ இருக்கும். ஒரு நோட்டு எடுங்கள், கண்டதை எழுதுங்கள், காணாததை விட்டுவிடுங்கள். என் இவ்வாண்டுப் பட்டியல் ஐம்பத்திரண்டில் நிற்கிறது. ஐம்பத்திரண்டும் நான் கண்டவை.