பார்வையை மீட்ட பெருமகன்: ஹார்வி குஷிங்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் நடப்பவருக்கு நேர்ப்பார்வை மட்டும் போதாது. இடப்புறம் கைவண்டி, வலப்புறம் லாரி. இரண்டையும் கடைக்கண்ணால் கண்டு ஒதுங்கியே நடக்கிறோம். அக்கடைக்கண் பார்வை இரு கண்ணிலும் ஒருங்கே மங்கினால் என்ன ஆகும்? எதிரே உள்ளது தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது. மூக்குக்கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் அடித்தளத்தில் இருக்கிறது. அத்தகையோரின் பார்வையை மீட்கப் பல ஆண்டுகள் உழைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்.

1869 ஏப்ரல் 8-ஆம் நாள் கிளீவ்லாந்து நகரில், தலைமுறை தலைமுறையாக மருத்துவம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தார். யேலிலும் ஹார்வர்டிலும் பயின்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்னும் பேராசானிடம் தொழில் கற்றார். மண்டையைத் திறந்தால் நோயாளி பிழைப்பது அரிது என்றிருந்த காலம் அது. இரத்தப் பெருக்கை அடக்க 1911-இல் வெள்ளிக் கவ்விகளை அமைத்தார். 1926-இல் போவி என்ற உயிர்இயற்பியல் அறிஞரின் மின்கருவியை அறுவைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். இயற்பியல் நண்பர்கள் மகிழலாம்!

இரு கண்களின் நரம்புகளும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே ஒரு சந்தியில் கூடுகின்றன. ஒவ்வொரு கண்ணிலும் மூக்கை ஒட்டிய பாதியிலிருந்து வரும் இழைகள் மட்டும் அங்கே குறுக்கே கடந்து மறுபுறம் செல்லும். வெளிப்புறக் காட்சியைச் சுமப்பவை இவையே. சுரப்பியில் எழும் கட்டி கீழிருந்து முட்டும்போது முதலில் நசுங்குவனவும் இவையே. குஷிங்கும் கண் மருத்துவர் வாக்கரும் 1915-இல் இதை விரிவாக எழுதினர். நோயாளி ஒரு புள்ளியை உற்று நோக்குவார். சிறு வெள்ளை வில்லையை ஓரத்திலிருந்து நகர்த்தி வருவர். அது தெரியத் தொடங்கும் இடங்களைக் குறித்துக் கோட்டால் இணைத்தால் பார்வையின் வரைபடம் கிடைக்கும். அறுவைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்தால் மருத்துவரின் வெற்றி தோல்வியை மறைக்கவே முடியாது!

மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கின் நடுச்சுவரை ஒட்டிச் சென்று கட்டியை எட்டும் முறையில் அவர் வல்லவர். 1910 முதல் 1925 வரை அவ்வழியே 231 பிட்யூட்டரிக் கட்டிகளுக்கு அறுவை செய்தார். இறந்தவர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. வேறொருவராயின் அப்புகழோடு நின்றிருப்பார். ஆனால் மேல்நோக்கி வளர்ந்த கட்டியைக் கீழிருந்து முற்றும் அகற்ற இயலவில்லை; மிஞ்சியது மீண்டும் வளர்ந்து நரம்பை நசுக்கியது. ஆகவே தமக்குப் பெயர் தந்த வழியைத் தாமே கைவிட்டு, மண்டையைத் திறந்து நரம்பை நேரே கண்டு விடுவிக்கும் வழிக்கு 1920களின் இறுதியில் மாறினார். என் எண்ணத்தில், அவர் செய்தவற்றுள் மிகப் பெரிது இதுதான்.

நசுக்கம் நீங்கியதும் சிலருக்குச் சில நாட்களிலேயே பார்வை விரியும். சிலருக்கு மாதங்கள் ஆகும். நெடுநாள் நசுங்கி வெளுத்துப்போன நரம்புக்கோ எந்தக் கத்தியாலும் உயிரூட்ட முடியாது. அதனால்தான் 1929-இல் லூயிஸ் ஐசன்ஹார்ட் அம்மையாருடன் சேர்ந்து கண் மருத்துவர்களின் இதழில் எழுதினார். நடுவயதினர் ஒருவருக்கு எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாயிருந்தும், கடைக்கண் பார்வை குறைந்து நரம்பு வெளுக்குமாயின், மூளையுறையில் எழுந்த கட்டியை ஐயுற வேண்டும் என்பது அதன் சாரம்.

உடன் பணிபுரிந்தோரிடம் கடுகடுப்பானவர்தாம். நோயாளிகளிடமோ, அறுவை நடந்த நாள் ஆண்டுதோறும் வரும்போது நலம் எழுதுமாறு கேட்டுக் கடிதம் பெற்றுவந்தார். 1939 அக்டோபர் 7-ஆம் நாள் மறைந்தார்.

அவரிடம் பயின்ற பென்ஃபீல்டு பின்னர் மான்ட்ரியாலில் ஆசிரியரானார். அங்கே சென்று கற்றவர், நமக்கு அருகே கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி; 1949-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறையைத் தொடங்கியவர் அவரே. குஷிங் கைவிட்ட மூக்கு வழியை அவர் மாணவர் நார்மன் டாட் விடாது காத்தார். நுண்ணோக்கியும் எண்டோஸ்கோப்பும் துணைவர, இன்று பெரும்பாலான பிட்யூட்டரிக் கட்டிகள் அவ்வழியேதான் அகற்றப்படுகின்றன. அறுவைக்கு முன்னும் பின்னும் பார்வை வரைபடம் எடுப்பது மட்டும் மாறவில்லை. வெள்ளை வில்லைக்குப் பதில் இப்போது கணினி காட்டும் ஒளிப்புள்ளி.