பெகுவுக்குப் போகாத எப்ரேம் சாமியார்

ஜார்ஜ் கோட்டை என்றதும் கவர்னர்கள்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அங்கே பள்ளிக்கூடம் நடத்திய பிரெஞ்சு சாமியாரை எத்தனை பேருக்குத் தெரியும்?

எப்ரேம் தெ நெவேர், கப்புச்சின் சபைத் துறவி. அங்கியோடு சேர்ந்த தலைமூடியால் வந்த பெயர் அது. பர்மாவிலுள்ள பெகுவுக்குப் போகிற வழியில் 1642-ல் சென்னைக்கு வந்தார். கோட்டை எழும்பிக்கொண்டிருந்த நேரம். அங்கிருந்த கத்தோலிக்கர்களுக்குச் சாமியார் இல்லை. ஆங்கிலேயர்களே கேட்டுக்கொள்ள, தங்கிவிட்டார். தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

சாந்தோம் போர்ச்சுக்கீசியர்களுக்கு இது பிடிக்கவில்லை. நம்ம ஆளுங்க கோட்டைப் பக்கம் போயிடுறாங்களே என்ற எரிச்சல்! நம் கோபாலபுரத்திலிருந்து நடந்தே போகலாம், அதே சாந்தோமில் 1649-ல் அவரைப் பிடித்தார்கள். கோவா சமய விசாரணைச் சிறையில் போட்டார்கள். பிடித்தவர்களும் கத்தோலிக்கர்கள், பிடிபட்டவரும் கத்தோலிக்கர். கோல்கொண்டா முஸ்லிம் அரசு நெருக்கிய பிறகுதான் விட்டார்கள். எனக்கு இதுதான் ஆச்சரியம்.

வேறு யாராக இருந்தாலும் பிரான்சுக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். இவர் சென்னைக்கே திரும்பி, விட்ட வேலையைத் தொடர்ந்தார். திருச்சபை இவருக்குப் புனிதர் பட்டம் தரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு அவ்வளவு கூட்டம் போகிறதே, அது கப்புச்சின் சாமியார்கள் ஏற்படுத்திய கோயில்தான்.