மலைகளை அளந்த மாமனிதர்

வண்டலூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அப்படப்பைக்கு வடகிழக்கே, பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று நீட்டி வைக்கப்பட்டது. இமயத்தின் மிக உயர்ந்த சிகரத்தை உலகம் அறிந்துகொள்வதற்கு வழிவகுத்த நெடும்பணியின் முதலடி அதுவே. அதனைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் லாம்டன்.

லாம்டன் 1753ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். படைவீரராக வட அமெரிக்கா சென்ற அவர், கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் நில அளவைப் பணியில் ஈடுபட்டார். ஓய்வு நேரங்களில் கணிதத்தையும் வானியலையும் தாமே பயின்றார். தகுந்த பாதுகாப்பின்றிச் சூரிய கிரகணத்தை நோக்கியதால் அவருடைய ஒரு கண் பழுதுற்றது. ஆயினும் வானை நோக்கும் ஆர்வம் அவரைவிட்டு அகலவில்லை.

அந்த ஆர்வம் 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் பயன்பட்டது. சீரங்கப்பட்டணத்தின் அருகே இரவில் நகர்ந்துகொண்டிருந்த ஆங்கிலப் படை, திசை தவறிப் பகைவர் அணியை நோக்கிச் செல்வதை விண்மீன்களின் நிலையைக் கொண்டு லாம்டன் உணர்த்தினார். போர் முடிந்ததும், தென்னிந்தியாவைக் கடற்கரை முதல் கடற்கரை வரை துல்லியமாக அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆட்சிக்கும் வரித்தண்டலுக்கும் நிலப்படங்கள் தேவைப்பட்டன. லாம்டனுக்கோ, புவியின் வளைவையும் வடிவத்தையும் கண்டறிவதே பெருவேட்கையாக இருந்தது.

முக்கோண முறையே அவர் கையாண்ட வழி. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களையே அடிப்படையாகக் கொண்டு அடுத்தடுத்த முக்கோணங்களை அமைத்துக்கொண்டே செல்லலாம். முதல் கோட்டில் நேரும் சிறு பிழையும் பின்வரும் அனைத்திலும் தொடரும். எனவே, பரங்கிமலைப் பகுதியிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கிய ஏறத்தாழ ஏழரை மைல் தொலைவு 400 முறை சங்கிலி வைத்து அளக்கப்பட்டது. வெப்பத்தால் எஃகு நீளும் என்பதால், சங்கிலி மரப்பெட்டிகளினுள் கிடத்தப்பட்டு, கூடார நிழலில் வைக்கப்பட்டது. வெப்பமானியின் அளவும் உடனுக்குடன் குறிக்கப்பட்டது.

கோணங்களை அளக்கும் தியோடலைட் என்னும் கருவி அரை டன் எடையுள்ளது. இலண்டனிலிருந்து வந்த அக்கருவியைக் கடல்வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அதன் அறிவியல் பயன் உணர்ந்து பின்னர் அனுப்பி வைத்தனர். தொலைவிலுள்ள கொடிக்கம்பங்களைப் பார்க்க வேண்டுமாயின், அக்கருவியை மலையுச்சிகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாதையற்ற சரிவுகளில் முட்புதர்களை வெட்டி வழி உண்டாக்கி, சுமையாளர்கள் அதனைத் தோளில் தூக்கிச் சென்றனர். உச்சியை அடைந்த பின்னும், மூடுபனி விலகும்வரை நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. காட்டுக் காய்ச்சல் பலரை வருத்தியது, சிலர் உயிரிழந்தனர்.

குன்றுகளற்ற காவிரிப் படுகையில் கோயில் கோபுரங்களே மலைகளாயின. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு வளைந்து உருக்குலைந்தது. மாற்றுக் கருவி வருவதற்கு நெடுங்காலமாகும். பணி நின்றுபோகும் நிலை. லாம்டன் மனம் தளரவில்லை. தனித்திருந்து, ஆப்புகளையும் திருகுகளையும் கொண்டு, நெளிந்த தகட்டைச் சிறிது சிறிதாக இழுத்துச் சீர்செய்தார். ஆறு வார உழைப்பிற்குப்பின் கருவி மீண்டும் மலையேறியது.

தீபகற்பத்தின் அகலம் பழைய நிலப்படங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்பதை அவருடைய அளவை வெளிப்படுத்தியது. 1818இல் இப்பணி மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. கன்னியாகுமரிப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி முன்னேறிய லாம்டன், 1823ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட்டில் காலமானார். எழுபது வயதை எட்டிய நிலையிலும் அவர் களத்திலேயே இருந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து சார்ச் எவரெஸ்ட் முக்கோணத் தொடரை இமயமலை அடிவாரம்வரை கொண்டு சென்றார். பின்னர், வங்கக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தாரின் கணக்கீடுகளால், பதினைந்தாம் சிகரம் எனக் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் உயரமானது எனத் தெரியவந்தது. 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. இன்றைய அளவான 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 9 மீட்டரே. 1865இல் அச்சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது.

அச்சிகரத்தை லாம்டன் தம் வாழ்நாளில் கண்டதில்லை. அரை டன் சுமையைக் குன்றுதோறும் ஏற்றிய தொழிலாளர் பலரின் பெயர்களும் பதிவாகவில்லை. எனினும், அவர்கள் பொறுமையுடன் அளந்த ஒவ்வோர் அடியும் அச்சிகரத்தின் உயரத்தில் அடங்கியுள்ளது.