நாள் குறித்த உழவர்

கிறிஸ்துநாதர் மீண்டும் வருவார் என்பது கிறிஸ்தவர்க்குப் பொதுவான நம்பிக்கை. அவ்வருகைக்கு ஆண்டு குறித்தவர் பலர். அவருட் பெரிதும் பேசப்பட்டவர் அமெரிக்க உழவராகிய வில்லியம் மில்லர். மாணாக்கரின் பிழைகளைத் திருத்துவதே தொழிலாகக் கொண்ட எனக்கு இவர் சரிதத்தில் தனி ஈடுபாடு உண்டு.

1782 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பிற்ஸ்பீல்டிற் பிறந்த மில்லர், நியூயோர்க் மாநிலத்து லோ ஹாம்ப்ரன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். இளமையில் வேதாகமத்தை நம்பினாரல்லர். 1812 இல் மூண்ட போரிற் படைத்தலைவராய் நின்று மீண்டபின், மரணமும் மறுமையும் அவர் உள்ளத்தை வருத்தலாயின. 1816 இல் மனந்திரும்பினார். உரைநூல்களை ஒதுக்கி, சொல்லடைவு ஒன்றையே துணைக்கொண்டு, ஈராண்டு வேதாகமத்தை வரிவரியாக ஆராய்ந்தார்.

தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரம் 2300 நாள்களைக் கூறுகின்றது. நாள் ஒன்றை ஆண்டு ஒன்றாகக் கொண்டு, எருசலேமை மீளக் கட்டப் பாரசீக வேந்தன் ஆணையிட்டதாக அவர் கருதிய கி.மு. 457 இலிருந்து எண்ணி, 1843 அளவில் ஆண்டவர் வருவார் எனத் துணிந்தார். துணிந்தும் 1831 வரை மேடை ஏறவில்லை. இத்தயக்கத்தை யான் மதிக்கின்றேன். 1840 முதல் யோசுவா ஹைம்ஸ் என்னும் போதகர் பத்திரிகை வாயிலாக அச்செய்தியை எங்கும் பரப்பினார்.

குறித்த காலம் 1844 மார்ச்சுடன் கழிந்தது. கி.மு. 1 ஐ அடுத்து கி.பி. 1 வருதலன்றி, இடையே பூச்சிய ஆண்டு இல்லை. ஆதலின் ஓராண்டு கூட்டல் வேண்டும் என்னும் திருத்தம் 1844 க்கு இடந்தந்தது. சாமுவேல் சினோ என்பவர் ஒக்டோபர் 22 என நாளையே குறித்தார். முதலில் இசையாத மில்லர், சில கிழமைகளே இருக்கையில் இசைந்தார். விளைந்த பயிரை அறுக்காது விட்ட உழவரும் உளர். இரவெல்லாம் காத்திருந்தனர், மறுநாட் சூரியன் வழமைபோல் உதித்தது. அவர்கள் அழ, அயலார் நகைத்தனர்.

கூட்டற் கணக்கில் வழு இல்லை. தொடக்கமும், நாளை ஆண்டாக்கியமையுமே ஐயத்துக்குரியன. மில்லர் தம் கணக்குப் பிழைத்ததை 1845 இல் அச்சிலேயே ஒப்புக்கொண்டார். நம்பிக்கையையோ விட்டாரல்லர். அவர் வழிவந்தோருட் சிலர், நாள் சரியே, நிகழ்ந்தது விண்ணுலகில் என்று விளக்கங்கண்டு, 1863 இல் ஏழாம் நாள் அட்வென்ரிஸ்ற் சபையாய் அமைந்தனர். மில்லர் அவ்வழிச் சென்றாரல்லர். அவருடைய பழைய சபை அவரை விலக்கிவிட்டது. ஆதலின் 1848 இல் தம் வீட்டருகே சிறு ஆலயம் ஒன்றை எழுப்பினார். கண்ணொளி மங்கிய நிலையில் 1849 டிசெம்பர் 20 இல் இறந்தார். அவ்வாலயம் இன்றும் நிற்கின்றது.