கணக்கைத் திறந்து வைத்த ஜார்ஜ் முல்லர்

 நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்கள் குழுவில் ஆறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு கேட்டதும், சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் கேட்ட ஜார்ஜ் முல்லர் ஐயாதான் ஞாபகத்துக்கு வந்தார். ஏன்னு கடைசியில் சொல்றேன்.

அவர் 1805-ல் ஜெர்மனி நாட்டில், அப்போ பிரஷ்யான்னு சொல்லுவாங்க, அங்கே பிறந்தவர். அப்பா அரசாங்க வரி வசூலிக்கிறவர். அந்த வரிப்பணத்திலேயே பத்து வயசுக்கு முன்னாடி இருந்து பையன் கை வைத்தான். சந்தேகப்பட்ட அப்பா ஒருநாள் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். பையன் எடுத்து, செருப்புக்குள்ளே காலுக்கு அடியில் ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டான். 16 வயசில் விடுதியில் தங்கிப் பணம் கட்டாமல் ஜெயிலுக்கும் போனான்.

1825-ல் ஹாலே ஊரில் படிக்கும்போது ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனார். அதோடு வாழ்க்கை மாறிப்போச்சு. 1829-ல் இங்கிலாந்து போய் ஊழியம் செய்தார். அங்கே கோயிலில் இருக்கைக்கு வாடகை வாங்குவாங்க. பணம் இருக்கிறவங்களுக்கு நல்ல இடம், ஏழைக்கு மோசமான இடம். அந்த வாடகையில் இருந்துதான் போதகருக்குச் சம்பளம். இது சரியில்லைன்னு 1830-ல் சம்பளமே வேண்டாம்னு விட்டுவிட்டார். காணிக்கைப் பெட்டியில் மனசிருந்து போடுவதே போதும்னார்.

1836-ல் பிரிஸ்டல் நகரத்தில், தான் குடியிருந்த வாடகை வீட்டிலேயே தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளைச் சேர்த்தார். யாரிடமும் போய்ப் பணம் கேட்கவில்லை. ஜெபம் மட்டும் செய்தார். ஆனால் வந்த பணத்துக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கைக் கேளுங்க. சின்னக் காசு வந்தாலும் ரசீது. கொடுத்தவங்க பேரை வெளியே சொல்லாமல் வரவு செலவை வருஷா வருஷம் அச்சடித்துக் கொடுத்தார். ஒரு காரியத்துக்கென்று வந்த பணத்தை இன்னொன்றுக்குத் தொடமாட்டார். கடன் வாங்கவே மாட்டார். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குக் கையில் இல்லாத நாட்களிலும் கடைக்காரரிடம் கணக்கு வைக்கவில்லை. 1841 கடைசியில் கையிருப்பு ரொம்பக் குறைந்தபோது, கணக்கு வாசிக்கிற கூட்டத்தையே தள்ளி வைத்தார். அப்போ வாசித்தால் பணம் கேட்கிற மாதிரி ஆயிடுமேன்னு.

1870-க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டிடங்கள், 2,050 பேருக்கு இடம். அவர் காலத்தில் சுமார் 10,000 பிள்ளைகள் வளர்ந்தாங்க. அவர் கை வழியாகச் சுமார் 15 லட்சம் பவுண்டு போச்சு. 1898 மார்ச்சில் அவர் இறந்தபோது, வீட்டுச் சாமானோடு சேர்த்து அவருக்கென்று இருந்தது 200 பவுண்டுகூட இல்லை.

இப்போ என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னாடி மகனுக்குக் காய்ச்சல். ராத்திரி கையில் காசில்லை. சந்தாப் பணம் பெட்டியில் இருந்தது. 800 ரூபாய் எடுத்தேன். நாலு நாளில் திருப்பி வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. கணக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் செருப்புக்குள் காசு வைத்த அந்தப் பையன் ஞாபகம். என் காலுக்கு அடியிலும் ஏதோ உறுத்துகிற மாதிரி.

மூணு மாசம் கழித்துக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அபராதம் போட்டாங்க, கட்டினேன். கணக்கை வேற ஆளுக்கு மாற்றிவிடுவாங்கன்னு நினைத்தேன், மாற்றலை. அதற்குப் பதிலாகப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு வீட்டில் சாவி, மறுநாளே வங்கியில் கட்டணும்னு தீர்மானம் எழுதினாங்க. அவசரத்துக்கு ராத்திரியிலும் இரண்டு பேர் கையெழுத்தோடு உள்கடன் எடுக்கலாம்னும் சேர்த்தாங்க. போன மாசம் ஓர் அக்காவுக்குப் பிரசவ வலி வந்தப்போ அந்தத் தீர்மானம்தான் உதவிச்சு.

திருடின பையனே பிறகு ஊர்ப் பணத்துக்குக் காவலாக நின்றார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதினேன்.