பெயரில்லாத மொய்

எங்கள் ஊர் அந்தியூர். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றிய மொய் நோட்டு ஒன்று இருக்கிறது. கலியாணம், காதுகுத்து என்று வந்த மொய் அனைத்தும் அதில் பெயர், ஊர், தொகை என வரிசையாகப் பதிந்திருக்கும். எங்கள் அப்பாரு அதைக் கடன் பத்திரம்போலக் காத்தார். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவன் பந்தியில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது என்பது அவர் கொள்கை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வேறுபட்டது. தொகை இருக்கிறது, ஊர் வேலூர் என்று இருக்கிறது, பெயர் இல்லை. அப்பத்தாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது ஈரோட்டில் இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தோம். கையிருப்புப் போதவில்லை. நிலைமையைக் கேட்டறிந்து, ஏழை நோயாளிகளுக்காக அன்பர்கள் அனுப்பும் நன்கொடையிலிருந்து ஒரு பகுதியை ஈடுசெய்தார்கள். கொடுத்தவர் யாரென அப்பாரு கேட்டார், பெயர் கிடைக்கவில்லை. தீராத கடனாக அந்த வரியை விட்டுவிட்டே அவர் கண்மூடினார்.

அந்த வரிதான் என்னை ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவத் தொண்டர்கள். பஞ்சத்தையும் பிணியையும் பிள்ளைப் பருவத்திலேயே கண்ட அவருக்கு, இந்த மண்ணில் வாழும் எண்ணமே இல்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே இனிதாக வாழ விரும்பினார். தாயார் நோயுற்றதால் 1890-இல் திண்டிவனம் வந்தார். விரைவில் திரும்பிவிடும் எண்ணத்துடன்தான் வந்தார்.

ஓர் இரவு அவர் வாழ்வைத் திருப்பியது. பிராமணர் ஒருவர், இசுலாமியர் ஒருவர், மற்றோர் இந்து ஒருவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தனர். தந்தையார் மருத்துவர்தாம், ஆயினும் ஆண் மருத்துவர் தொடுவதற்கு அக்காலக் கட்டுப்பாடு இடங்கொடுக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். மதம் வேறு, சாதி வேறு, சாவு ஒன்றே. அன்றே அவர் மருத்துவம் பயில முடிவு செய்தார்.

1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்களுக்கென மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்ட வேண்டியிருந்தது. ஓர் அம்மையார் வீட்டில் அவர் தம் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட செல் என்ற வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். பேரவை கூட்டவில்லை, ஒரு மனிதர் பேசினார், இன்னொரு மனிதர் கேட்டார், அவ்வளவே. அப்பணத்தில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் செல் மருத்துவமனை 1902-இல் வேலூரில் எழுந்தது.

கெர்ட்ரூட் டாட் என்ற நியூயார்க் அம்மையார் பணம் அனுப்புவதோடு நில்லாமல் தாமே வேலூருக்கு வந்து, ஊதியமின்றி உழைத்து, ஏழை மாணவியரைப் படிக்க வைத்தார். 1920-களின் தொடக்கத்தில், ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் 20 இலட்சம் டாலர் திரட்டினால், 10 இலட்சம் தருவதாக ராக்பெல்லர் குடும்பத்து அறநிலையம் ஒன்று கூறியது. மகளிர் சங்கங்கள் ஊர் ஊராகச் சிறுகச் சிறுகத் திரட்டின. அந்த ஏழனுள் வேலூரும் ஒன்று.

ஆனால் கொடையைப் பெறுவதோடு அம்மையார் பணி முடியவில்லை. தாம் ஒருவர் எத்தனை கதவுகளைத் தட்ட முடியும் என்று எண்ணினார். 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் காத்திருந்தவர்களைத் தேடிச் சென்று மருந்து கொடுத்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களால் இயலுமா என்று ஐயுற்றோர் பலர். 1922-இல் தேர்வெழுதிய முதல் அணி மாணவியர் அனைவரும் வெற்றி பெற்று விடை கூறினர். அயல்நாட்டார் கொடுத்த பணம், இந்நாட்டுப் பெண்களின் கைத்திறனாக மாறி, ஊர்தோறும் சென்றது. அம்மையார் 1960-ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார். அவர் ஓர் அறையில் தொடங்கிய பணி இன்று ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளாக விரிந்துள்ளது.

தோழர்களே! மொய் கொடுத்தவருக்கே திரும்பச் செல்லும். அது நம் வழக்கம், நல்ல வழக்கமே. ஆனால் செல் என்பவருக்கு யார் திருப்பிச் செய்வது? அவர் நம் அந்தியூரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். இத்தகைய கொடை பின்னோக்கிச் செல்வதில்லை. அடுத்தவரை நோக்கியே செல்கிறது. பெற்றவன் கொடுப்பவனாக மாறும்போதுதான் அக்கடன் தீர்கிறது. இதை அப்பாரு உயிரோடிருந்தபோது சொல்ல எனக்குத் தெரியாமற் போனது.

சென்ற பருவத்தில், தேர்வுக் கட்டணம் கட்ட வழியின்றி ஒரு தோழன் கல்லூரியைவிட்டு நிற்க இருந்தான். விடுமுறையில் மஞ்சள் மண்டியில் மூட்டை கணக்கெழுதிச் சேர்த்த பணத்தை, அலுவலகத்தில் அவன் கணக்கில் கட்டினேன். யார் கட்டியது என்று அவன் இன்றும் அறியான். இதைப் படித்தும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவன் எண்ணாதிருக்க வேண்டும்.

வீடு சென்றதும் மொய் நோட்டைப் பிரித்தேன். பெயரில்லாத அந்த வரிக்கு எதிரே, அப்பாரு வழக்கமாக எழுதுவதுபோல், செய்த தொகையையும் தேதியையும் எழுதினேன். தொகை இன்னும் ஈடாகவில்லை. மீதியைச் செய்ய வேண்டும்.