நுண்ணங்கிகளோடு போராடிய ஹாஃப்கின்

பூம்ப்ளிஸிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேர இரயிற் பயணத்தில் அடையக்கூடிய நகரம் லொசான். இலட்சக்கணக்கான இந்தியர்களுக்குத் தடுப்பூசி கிடைக்க வழிசெய்த அறிஞர் ஒருவர் 1930ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் நாள் அங்கேதான் காலமானார். அவர் வால்டெமர் ஹாஃப்கின்.

1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பத்திற் பிறந்த அவருக்கு ருஷ்யப் பேரரசில் உயர்பதவிகள் எட்டாதனவாயின. 1888இல் தாயகம் நீங்கி ஜெனீவாவிற் பணியேற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிலையத்திற் சேர்ந்தார். 1892இல் தாம் உருவாக்கிய வாந்திபேதித் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்.

1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியபோது அரசு அவரை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு தொடங்கிற்று. இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு, அவற்றின் அடியிற் கிருமிகளை வளர்த்தார். அவை ஆலம்விழுதுகள்போற் கீழ்நோக்கித் தொங்கும். குடுவை சற்றே குலுங்கினும் உதிர்ந்துவிடும். ஆதலால் குடுவைகளை அசையாது வைத்து, உரிய வேளையில் மட்டும் குலுக்கி, மீண்டும் வளரவிட்டு, ஈற்றில் வெப்பத்தினாற் கிருமிகளைக் கொன்று மருந்தாக்கினார். 1897 சனவரி 10ஆம் நாள் அதனையும் தாமே முதலில் ஏற்றுக்கொண்டார்.

1902 ஒக்ரோபர் 30ஆம் நாள் அன்றைய பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே போத்தலிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் ஏற்புவலியால் மாண்டனர். விசாரணைக் குழு ஆய்வுகூடத்தின்மீது குற்றஞ்சுமத்தியது. ஹாஃப்கின் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்.

ஆயின், கிராமத்தில் அப்போத்தலைத் திறந்த வேளையில் உதவியாளரின் இடுக்கி நிலத்தில் விழுந்திருந்தது. முறையாகக் கிருமிநீக்கம் செய்யாமலே அது மீண்டும் பயன்படுத்தப்பட்டிருந்தது. ஏற்புவலிக் கிருமி மண்ணில் வாழ்வது. ஆய்வுகூடத்திலேயே அது கலந்திருப்பின், திறக்கும்போது துர்நாற்றம் வீசியிருக்கும். அவ்வாறு எதுவும் வீசவில்லை. ரொனால்ட் ரொஸ் முதலான அறிஞர்கள் இவற்றை எடுத்துரைத்த பின்னர், 1907இல் அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. 19 உயிர்களோ மீளவில்லை.

அவர் நிறுவிய பம்பாய் ஆய்வுகூடம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மாணவச் செல்வங்களே! உங்களிற் சிலர் நாளை இந்நாட்டின் ஆய்வுகூடங்களிற் பணிபுரிவீர்கள். கீழே விழுந்த கருவியைச் சுத்திகரிக்கச் சில நிமிடங்களே வேண்டும். அந்தச் சில நிமிடங்களை மிச்சம்பிடிக்க எண்ணாதீர்கள். தவறு நேர்ந்தவிடத்து, ஆராயாமல் எவர்மீதும் பழி சுமத்தவும் துணியாதீர்கள்.